உங்கள் கதைக்கு வகீல் யார்?

(நம் அறக்கட்டளையின் இளைஞர் வழிகாட்டி அமர்வில், சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

வழக்கமாக இந்த அமர்வில் மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேசுவோம், அரசுத் தேர்வுகளைப் பற்றிப் பேசுவோம், கல்வி உதவித்தொகைக்கு எப்போது மனுப்போடுவது என்று சொல்வோம். இன்றைய தலைப்பு சற்று வேறு. "முதல் திரைக்கதையை எழுதி முடித்துவிட்டேன். அதை யாரிடம் கொண்டுபோவது? எனக்காக யார் பேசுவார்கள்?" இந்தக் கேள்வியோடு நம் பிள்ளைகள் சட்ட உதவிக் குழுவின் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே பொதுவில் பேசிவிடுவது நல்லது என்று நிர்வாகிகள் முடிவு செய்தார்கள்.

சினிமா கூடுமா, கூடாதா என்று இங்கே சிலர் மனதில் கேள்வி எழும். அது மார்க்க அறிஞர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஆவணப்படம், குறும்படம், சிறுவர் தொடர் என்று எதற்கு எழுதினாலும் எழுதியவனுக்கு உரிய சட்டம் ஒன்றுதான். எழுத்தும் உழைப்பு. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நம் பிள்ளையின் மூன்று வருட உழைப்பு ஏமாற்றிப் பறிக்கப்படும்போது, 'அது சினிமா சமாச்சாரம்' என்று நாம் ஒதுங்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. திரையில் முஸ்லிமைத் தவறாகக் காட்டினால் நாம் மனுக் கொடுக்கிறோம், ஆர்ப்பாட்டம் செய்கிறோம். 2013இல் 'விஸ்வரூபம்' வந்தபோது தமிழ்நாடே அதைப் பார்த்தது. படம் எடுத்து முடித்த பிறகு எதிர்ப்பதற்கு நமக்கு ஆள் இருக்கிறது. படம் எழுதப்படும் அறைக்குள் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறானா? நம் வீட்டு மொழி, நம் தெரு, நம் உம்மாமார்களின் கவலை, வெளிநாட்டில் வாப்பா இருக்கும் வீட்டின் தனிமை, இவையெல்லாம் தெரிந்தவர் எழுதினால்தான் சரியாக வரும். முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குக் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதிய ரவீந்தர், நாகூர்க்காரர்.

வக்காலத்து என்ற சொல்

'எனக்காகப் பேச ஒருவர்' என்பதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. வகாலத். அந்த அரபுச் சொல்தான் தமிழில் வக்காலத்து ஆயிற்று. வகீல்தான் வக்கீல் ஆனார். ஒருவர் தன் காரியத்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது வகாலத். ஒப்படைக்கப்பட்டவர் அமானிதம் சுமப்பவர்.

உர்வா (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஆடு வாங்கிவர அனுப்பினார்கள். அவர் அந்தப் பணத்துக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆ செய்தார்கள். இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வகீல் நம்மைவிடச் சந்தை தெரிந்தவராக இருக்க வேண்டும். கிடைத்த அத்தனைக்கும் நம்மிடம் கணக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் வகீல் இல்லை.

சென்னையில் நிலைமை என்ன?

அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளருக்கு முகவர் இருப்பது சாதாரணம். எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பத்து சதவீதம் அவருடைய பங்கு. படம் விற்றால்தான் அவருக்கும் காசு. அங்கேயும் சிக்கல் வராமல் இல்லை. பெரிய முகவர் நிறுவனங்கள் எழுத்தாளர், நடிகர், இயக்குநர் எல்லோரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஸ்டுடியோவிடம் கொடுத்து, ஸ்டுடியோவிடமிருந்தும் பணம் வாங்கின. எழுத்தாளருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் முகவருக்கு நட்டமில்லை என்றாகிவிட்டது. 2019 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான எழுத்தாளர்கள் தங்கள் சங்கத்தின் சொல்படி ஒரே நேரத்தில் முகவர்களை விலக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தப் போராட்டம் நீடித்தது. கடைசியில் முகவர் நிறுவனங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட ஒப்புக்கொண்டன. இரண்டு பக்கமும் பணம் வாங்குகிறவன் ஒரு பக்கத்துக்கும் வகீல் இல்லை என்பதே அதன் பாடம்.

மும்பையில் எழுத்தாளர்களுக்கென்றே இயங்கும் முகவர் நிறுவனங்கள் சில இருக்கின்றன. சென்னையில் அந்த வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. மேனேஜர் என்றால் இங்கே பெரும்பாலும் நடிகர்களின் மேனேஜர்தான். எழுத்தாளருக்காகப் பேசும் வேலையை இங்கே மூன்று வகை ஆட்கள் பிரித்துச் செய்கிறார்கள். முதலாவது, சிபாரிசு செய்பவர்: ஒரு துணை இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர். தயாரிப்பாளரின் கதவைத் திறப்பது இவர். இரண்டாவது, தயாரிப்பு நிறுவனங்களில் கதை கேட்பதற்கென்று இருக்கும் நிர்வாகிகள். இவர்கள் நிறுவனத்தின் ஆட்கள், உங்கள் ஆட்கள் அல்ல. மூன்றாவது, காகிதத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கறிஞர். முதலாமவரையும் இரண்டாமவரையும் தேடி நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் அலைகிறார்கள். மூன்றாமவரைத் தேடுவதே இல்லை.

ஓ.டி.டி. நிறுவனங்கள் வந்த பிறகு தேவை கூடியிருக்கிறது. முன்பின் தெரியாதவர் நேராக அனுப்பும் கதையை அவை பொதுவாக வாங்குவதில்லை. தயாரிப்பு நிறுவனம் வழியாகவோ முகவர் வழியாகவோதான் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் 'நான் உன்னை ரெப்ரசன்ட் பண்றேன் தம்பி' என்று சொல்பவர்களும் பெருகியிருக்கிறார்கள்.

ஒரு பக்கக் காகிதம்

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தம்பி, பகலில் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் எழுதி, ஒரு திரைக்கதையை முடித்திருந்தார். மேனேஜர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கதையைக் கேட்டார், பாராட்டினார், ஒரு பக்கக் காகிதத்தை நீட்டினார். அதோடு, "தயாரிப்பாளர் ரெடி. கதையை ஆங்கிலத்தில் மாற்றி அழகாகப் புத்தகம் போட எழுபத்தைந்தாயிரம் ஆகும்" என்றார். தம்பியின் உம்மா நகையை அடகுவைக்கத் தயாராகிவிட்டார்கள். அடகு வைப்பதற்கு முந்தைய நாள் இருவரும் அந்தக் காகிதத்தோடு நம் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

அதில் எழுதியிருந்தது இதுதான். கதையின் முழு உரிமையும் மேனேஜருக்கு. உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும். பதிலாக ரூ.10,000. அதுவும் "படம் தொடங்கும்போது". எழுத்தாளர் பெயர் திரையில் வருமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த உம்மா கேட்டார்கள்: "எம்புள்ள எழுதினது எம்புள்ளைக்கு இல்லாமப் போயிருமா?" அந்தக் காகிதம் அப்படித்தான் சொன்னது. அது வகாலத் இல்லை, விற்பனைப் பத்திரம். உங்களுக்காகப் பேசுகிறவருக்கு உங்கள் பொருளின் உரிமை எதற்கு? விற்பதற்கு அனுமதி போதும். வகீல் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தானே வாங்கிக்கொள்வதை ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பதில்லை. காரணம் உங்களுக்கே விளங்கும்.

நாங்கள் மூன்று திருத்தங்களை எழுதிக் கொடுத்தோம். உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். முன்பணம் எதுவும் எழுத்தாளர் தரமாட்டார். விற்ற பிறகு வரும் தொகையில் பத்து சதவீதம் மேனேஜருக்கு. அந்த மேனேஜர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நகை வீட்டில் இருக்கிறது. கதை தம்பியிடம் இருக்கிறது. படம் இன்னும் ஆகவில்லை. அவர் இப்போது ஒரு குறும்படக் குழுவில் உதவியாளராக இருந்துகொண்டு வாரம் ஒருவரிடமாவது கதை சொல்லி வருகிறார். இது வெற்றிக் கதை இல்லை. ஆனாலும் ஒரு குடும்பம் கடனில் விழாமல் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

கதவைத் தட்டுமுன் செய்ய வேண்டியவை

முதலில் எழுதி முடியுங்கள். சட்டம் வெறும் எண்ணத்தைக் காப்பதில்லை. எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தன் நாடகத்தைத் திருடிப் படம் எடுத்துவிட்டதாகத் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கரு ஒன்றாக இருக்கலாம், சொல்லும் விதம் வேறு என்றது நீதிமன்றம். ஆகவே "ஒரு லைன் இருக்கு அண்ணே" என்று டீக்கடையில் சொன்னது உங்கள் சொத்தாகாது. காட்சி காட்சியாக, வசனத்தோடு எழுதிய நூறு பக்கம்தான் சொத்து.

இரண்டாவது, பதிவு. எழுதிய நிமிடத்திலேயே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு என்பது சாட்சி. தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதியலாம். மும்பையில் உள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் எந்த மொழியில் எழுதுபவரும் சேர்ந்து இணையம் வழியாகவே பதியலாம். அங்கே தகராறு தீர்க்கும் குழுவும் உண்டு. மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிய ரூ.500 கட்டணம். மனுப்போட்ட பின் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். 2018இல் 'சர்கார்' படத்தின்போது நடந்ததை நினைவில் வையுங்கள். ஓர் உதவி இயக்குநர் 2007இலேயே 'செங்கோல்' என்ற பெயரில் சங்கத்தில் பதிந்த கதையோடு அந்தப் படத்தின் மூலக்கரு ஒத்துப்போவதாகப் புகார் வந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய், படத்தில் அவருக்கு அங்கீகாரம் தரும் அறிவிப்புப் போட ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. அந்த உதவி இயக்குநருக்குக் கைகொடுத்தது பதினொரு வருடம் பழைய பதிவுதான்.

மூன்றாவது, கதை சொல்லப் பழகுங்கள். இங்கே தயாரிப்பாளர்கள் படிப்பதைவிடக் கேட்பதே அதிகம். இரண்டு வரியில் ஒன்று, இரண்டு பக்கத்தில் ஒன்று, பத்து நிமிடத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என்று நான்கு அளவில் கதையைக் கையில் வைத்திருங்கள். முதல் சந்திப்பில் முழுப் பிரதியையும் கொடுத்துவிடாதீர்கள்; கேட்டால் கொடுங்கள்.

நான்காவது, நாட்குறிப்பு. யாரிடம், எந்தத் தேதியில், எந்த இடத்தில் கதை சொன்னீர்கள் என்று எழுதிவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் "இன்று என் கதையைக் கேட்டதற்கு நன்றி, இரண்டு பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறேன், இதை நம்பிக்கையின் பேரில் உங்களோடு பகிர்ந்துகொண்டேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மரியாதையும் ஆயிற்று, ஆதாரமும் ஆயிற்று. நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்ட கருத்தை எடுத்துக்கொண்டதைத் தடுக்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2003இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி ஒரு நிலை வந்தால் இந்த மின்னஞ்சல் பேசும்.

வகீலைச் சோதிக்கும் ஐந்து கேள்விகள்

ஒருவர் உங்களுக்காகப் பேச முன்வந்தால் அடக்கமாக, ஆனால் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள். இதற்கு முன் யாருடைய கதையை எங்கே விற்றுக் கொடுத்தீர்கள்? முன்பணம் உண்டா? 'ஆம்' என்றால் ஸலாம் சொல்லி எழுந்துவிடுங்கள். படிக்கும் கட்டணம், திருத்தும் கட்டணம், அறிமுகக் கட்டணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. அடுத்து, எவ்வளவு பங்கு, அதுவும் எந்தப் பணத்தில்? பத்து, மிஞ்சினால் பதினைந்து சதவீதம். அவர் விற்றுத் தந்த இந்த ஒரு கதையில் மட்டும். எத்தனை மாதத்துக்கு? ஆறு மாதமோ ஒரு வருடமோ, பிறகு யாரும் யாரையும் கட்டிப்போடாமல் பிரியும் வழி இருக்க வேண்டும். கடைசியாக, தயாரிப்பாளரிடமும் நீங்கள் பணம் வாங்குவீர்களா?

பொருத்தமான முகவர் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் திரைக்கதைப் பட்டறை நடத்திவருகிறது. தேர்வாகும் கதைகளுக்கு அனுபவசாலிகள் வழிகாட்டுகிறார்கள், தயாரிப்பாளர்கள் முன்னால் சொல்ல வாய்ப்பும் கிடைக்கிறது. 'தி லஞ்ச்பாக்ஸ்' அந்தப் பட்டறை வழியாக வந்த கதைதான். சிபாரிசு இல்லாத பிள்ளைக்கு இது பெரிய வாசல்.

கையெழுத்துப் போடும் நாள்

குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் கற்பிக்கும் வசனம். அரை சென்ட் நிலத்துக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாள் முழுக்க நிற்கிற நாம், மூன்று வருட உழைப்பை "வாய் வார்த்தை போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாக எழுதாத பட்சத்தில், வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பிவிடும். ஆகவே 'என்றென்றைக்கும்', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களை யார் எழுதினாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

2012இல் வந்த திருத்தம் எழுத்தாளருக்கு இன்னும் வலுச் சேர்த்தது. திரையரங்கில் ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே தரலாம். விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. இந்தத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர்களில் முக்கியமானவர் ஜாவேத் அக்தர். அவரும் சலீம் கானும் 1973இல் 'ஜஞ்சீர்' வந்தபோது, எழுதியவர் பெயரே இல்லாத சுவரொட்டிகளின் மேல் ஆள் வைத்துத் தங்கள் பெயரை எழுதவைத்தார்கள். பெயருக்காகப் பெயின்ட் டப்பா தேவைப்பட்ட ஒருவர்தான் பின்னாளில் சட்டம் திருத்தப்பட உழைத்தார். உங்களுக்குப் பெயின்ட் வேண்டாம். உரிமையை விற்ற பிறகும் 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமை எழுத்தாளரிடமே இருக்கும் என்கிறது சட்டத்தின் 57ஆம் பிரிவு. பெயர் எப்படி, எந்த இடத்தில் வரும் என்பதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும்

பெற்றோர்களே, கதை எழுதும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பணமும் கொடுக்காதீர்கள். வேலையை விடாமல் எழுதச் சொல்லுங்கள். இதற்காக வட்டிக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். எழுதுபவனுக்குத்தான் பணம் வரவேண்டும், அவனிடமிருந்து போகக்கூடாது.

எழுதும் தங்கைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். கதை சொல்ல அலுவலகத்துக்கு, பகல் நேரத்தில், துணையோடு போவது உங்கள் உரிமை. அதை ஏற்காத இடத்தில் கதை சொல்ல வேண்டிய அவசியமில்லை. துணைக்கு ஆள் இல்லையென்றால் நம் குழுவின் சகோதரிகள் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

ஜமாஅத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வாடகை ஒப்பந்தத்தையும் விசா காகிதத்தையும் இலவசமாகப் படித்துச் சொல்வதுபோல, எழுத்தாளர் ஒப்பந்தங்களையும் நம் சட்ட உதவிக் குழு படித்துச் சொல்லும். பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்.

உங்கள் கதைக்கு முதல் வகீல் நீங்கள்தான். முழுதாக எழுதி, பதிந்து, தெளிவாகப் பேசத் தெரிந்த வகீலாக இருங்கள். இரண்டாவது வகீல் வரும்வரை அந்தக் கதை உங்கள் கையில் பத்திரமாக இருக்கட்டும். நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் எழுத்து ஹலாலான வருமானமாகவும் நன்மை தரும் அறிவாகவும் ஆகட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.